கைபேசிப் புற்றும் காவல் மந்தியும்

ஒரு காட்டில் மிருகங்கள் பேசிக்கொண்டிருந்தன என்று தொடங்குவது கதை மரபு. இந்தக் காட்டில் அவை பேசுவதை விட்டுச் சில காலம் ஆகியிருந்தது. தட்டின, தடவின, குளம்பாலும் அலகாலும் தும்பிக்கையாலும் திரையைத் தேய்த்தன. அடுத்த புதரில் குடியிருந்த உறவினரிடம் நலம் விசாரிப்பதற்கும் மலையுச்சியில் நின்ற கைபேசிக் கோபுரத்தின் தயவை நாடின. மிருகங்கள் எப்படிப் பேசும் என்று பழங்கதைகளைக் கேட்டு ஐயுறுவோர், இந்தக் கதையில் அவ்வளவாக ஐயுற வேண்டியதில்லை.

அந்தக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஓடைக்கரையை ஒட்டிய புல்வெளியில், ஓர் இலுப்பை மரத்தின் கீழ் அது நடந்தது. மோப்பம், ஓட்டம், ஒளிதல், எச்சரிக்கை என்று பாடங்கள் வகுத்திருந்தார்கள். எச்சரிக்கைப் பாடத்தை நடத்தியவள் சித்திரமேனி என்னும் புள்ளிமான். ஒரு காலத்தில் அவள் வகுப்பில் இலை விழுந்தால், அது எந்த மரத்து இலை என்று திரும்பிப் பாராமலே சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளை அன்று மற்றவர்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளிடம் படித்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். ஆசிரியருக்கு அதைவிட நற்சான்று வேறில்லை.

அவளுக்கு ஒரே மகன். பெயர் மருளன். மருண்டு நோக்குவதுதான் மானுக்கு உயிர் என்பதால், குலப்பெருமை கருதி வைத்த பெயர். ஆனால் மருளன் எதைக் கண்டும் மருளவில்லை. அவன்தான் எதையும் காணவில்லையே. விழித்தது முதல் உறங்கும் வரை அவன் கழுத்து கைபேசியின் மீது வளைந்தே கிடந்தது. அதில் அவன் ஆடிய விளையாட்டில் ஒரு மான் புலியிடமிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் அவனை வெல்ல அந்தக் காட்டில் ஆளில்லை.

"மருளா, தலையை நிமிர்த்து."

"இரும்மா. புலி வருது."

சித்திரமேனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு கால்களும் தரையைவிட்டு எழும்ப, "எங்கே? எந்தப் பக்கம்?" என்றாள்.

"இதுல," என்று திரையைக் காட்டினான் பிள்ளை.

ஒருமுறை அல்ல, இப்படிப் பலமுறை நடந்தது. முதலில் துள்ளினாள், பிறகு காதை மட்டும் திருப்பினாள், பிறகு அதுவும் இல்லை. ஆனால் இரவெல்லாம் அசைபோட்டபடி ஒன்றையே எண்ணினாள். குனிந்த தலை நிமிராத பிள்ளை என்று மனிதர்கள் தம் குழந்தைகளை மெச்சிக்கொள்வார்களாம். மெச்சிக்கொள்ளட்டும், அவர்கள் பிள்ளைகளை யாரும் கடித்துத் தின்பதில்லை. தலை நிமிராத மான் நடமாடும் தோல். இன்று இல்லாவிட்டால் நாளை உரிபடும்.

அந்தக் கைபேசியை அவனுக்குக் கொடுத்ததே அவள்தான். விடைத்தாள் திருத்தும் வேளையில் பிள்ளை முட்டாமல் இருக்கட்டும் என்று கொடுத்தாள். இந்தச் செய்தியை அவள் வசதியாக மறந்திருந்தாள். பெற்றோர்களின் நினைவாற்றல் பொதுவாகவே தேவைக்கேற்ப வேலை செய்வது.

பிள்ளையைக் காப்பாற்ற அவள் ஒரு வழிதான் கண்டாள். பெற்றோர் கூட்டத்தைக் கூட்டச் செய்தாள்.

கூட்டத்துக்குத் தலைமை, தலைமையாசிரியர் அடங்கனார். அவர் ஓர் ஆமை. பெற்றோர் சங்கத் தலைவராகத் தோகையப்பர் என்னும் மயில் வந்திருந்தார். வந்தது முதல் தன் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்தபடி, ஒளி விழும் பக்கமாகத் தன்னைத் திருப்பிக்கொண்டிருந்தார். குஞ்சுகளின் சார்பாகக் காட்டுக்கோழி செம்பியம்மாள் வந்திருந்தாள். மற்றவர்களும் வந்திருந்தார்கள் என்றே பள்ளியின் கைபேசிக் குழுவில் பதிவாகியிருக்கிறது.

சித்திரமேனி எழுந்து நின்றாள். "பிள்ளைகள் பள்ளிக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாது. வகுப்பில் நான் இலையைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு பிள்ளையும் இலையைப் பார்ப்பதில்லை. எச்சரிக்கை என்பது கண்ணும் காதும் மூக்கும். இவர்களுக்கு மிஞ்சியிருப்பது கட்டைவிரல் மட்டும்."

"அய்யய்யோ டீச்சர்!" என்று இறக்கையை அடித்துக்கொண்டாள் செம்பியம்மாள். "எம் புள்ளைங்க முட்டைக்குள்ள இருக்கும்போதே போனு வேணும்னு அழுததுங்க. வெளிய வெச்சுக் காட்டுன பொறவுதான் ஓட்டையே ஒடைச்சுதுங்க. இப்பப் புடுங்குனா மறுபடி உள்ள போயிருமே!"

"போகட்டும். உள்ளேயாவது பத்திரமாக இருக்கும்."

"இது என்ன பேச்சு? பெத்தவ வயிறு எரியுது, உங்களுக்கு நக்கலா இருக்கா?"

தோகையப்பர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் தொண்டையைச் செருமினார். "தடை என்பது பிற்போக்கு. அதே சமயம், தடையின்மை என்பது பொறுப்பின்மை. இரண்டையும் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். விரிவான என் நிலைப்பாட்டை இன்று மாலை காணொளியாக வெளியிடுவேன். அன்பர்கள் தவறாமல் பகிர வேண்டும்."

"மாலை வரை உங்கள் பிள்ளை இருப்பானா என்று முதலில் பாருங்கள்," என்றாள் சித்திரமேனி.

சர்ச்சை முற்றியதும் அடங்கனார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முடிவெடுக்க வேண்டிய நேரங்களில் அவர் கையாளும் முறை அது. உள்ளே அவர் சிந்திக்கிறார் என்று நம்புவது பள்ளியின் மரபு. நெடுநேரம் கழித்துத் தலை வெளிவந்தது.

"தடையை ஆதரிப்பவர்கள் காலைத் தூக்கலாம்."

ஒரு காலும் எழவில்லை. எதிர்ப்பவர்களைத் தூக்கச் சொன்னார், அதற்கும் எழவில்லை. கேட்டவர் ஒருவரும் இல்லை என்பதே காரணம். அடங்கனார் அனுபவசாலி. தன் கைபேசியை எடுத்து, "தடை வேண்டுமா?" என்று குழுவில் போட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் திரையெங்கும் கட்டைவிரல்கள் முளைத்தன. எதைக் கேட்டாலும் முளைக்கும் விரல்கள்தாம். இவ்வாறாகக் கைபேசித் தடை, கைபேசி வழியே, ஒருமனதாக நிறைவேறியது.

சித்திரமேனி வென்றாள். வென்றவர்கள் சட்டத்தின் மிச்சப் பகுதியைப் படிப்பதில்லை. மிச்சப் பகுதி இது: காலையில் பிள்ளைகள் தங்கள் கைபேசிகளை ஓடையோரப் புற்றுக்குள் போட்டுவிட வேண்டும், புற்றில் குடியிருக்கும் நாகம் பள்ளி முடியும் வரை காவல் இருக்கும். ஆசிரியர்களுக்குத் தடை இல்லை. மாணவர்கள் கைபேசி இல்லாமல் இருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் ஒவ்வொரு பாடவேளையிலும் புகைப்படம் எடுத்துக் குழுவில் ஏற்ற வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில் காவல் மந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மானுக்கும் மந்திக்கும் தலைமுறை தலைமுறையாக ஓர் உடன்பாடு உண்டு. மரத்தின் உச்சியில் மந்தி பார்க்கும். தரையில் மான் மோப்பம் பிடிக்கும். புலியின் வரி தெரிந்தால் மந்தி அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கும்; மான் ஓடும். புலியின் வாடை வந்தால் மான் முன்காலால் தரையை ஓங்கி உதைக்கும். மந்தி உயரக் கொம்புக்குத் தாவும். எழுதப்படாத உடன்பாடு. ஆகையால் யாரும் மீறியதில்லை.

இலுப்பை மரத்து உச்சியில் அந்தப் பணியைப் பார்த்தவன் உச்சியப்பன் என்னும் சாம்பல் மந்தி. சென்ற ஆண்டு பள்ளியைப் பார்வையிட ஒரு யானை அதிகாரி வந்திருந்தார். அவர் ஒழுக்கத்தைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தபோது உச்சியப்பன் குரல் கொடுக்க, பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாய்ச்சலில் மறைந்துவிட்டார்கள். புலிக்கு அன்று பட்டினி, அதிகாரிக்கு அவமானம். அடங்கனார் உடனே ஆணையிட்டார்: "வகுப்பு நேரத்தில் கூச்சல் கூடாது. இனி எச்சரிக்கைகள் குழுவில் எழுத்து வடிவில் வரும்." பள்ளிச் செலவிலேயே மந்திக்கு ஒரு கைபேசியும் வந்து சேர்ந்தது. தொண்டை வலி தீர்ந்தது என்று உச்சியப்பன் மகிழ்ந்தான். முறைப்படி எதிர்க்க வேண்டியவள் எச்சரிக்கை ஆசிரியை. அவளும் வகுப்பு அமைதியாக நடக்கும் என்று அன்று வரவேற்றாள்.

தடை நடைமுறைக்கு வந்த காலை. நாகம் படமெடுத்து நிற்க, பிள்ளைகள் கைபேசிகளைப் புற்றுக்குள் போட்டுவிட்டு, துக்க வீட்டிலிருந்து வருபவர்களைப்போல் வந்து உட்கார்ந்தார்கள். கோழிக்குஞ்சு ஒன்று தரையில் கிடந்த பூவின் மீது இரண்டு விரல்களை வைத்து அகட்டிப் பார்த்தது, பூ பெரிதாகவில்லை. "கெட்டுப்போச்சு," என்று அடுத்த குஞ்சிடம் சொன்னது.

மருளன் சிறிது நேரம் வெறும் புல்லைப் பார்த்தான். அதில் ஒன்றும் நகரவில்லை. வேறு வழியில்லாமல் கழுத்தைத் தூக்கினான். பழக்கமில்லாத கழுத்து வலித்தது.

"அம்மா, இந்த மரம் இவ்வளவு ஒயரமா?"

"வகுப்பில் நான் ஆசிரியை. ஆமாம், உயரம்தான்."

"மேல யாரோ உக்காந்திருக்காங்க!"

"உச்சியப்பன் மாமா. நமக்குக் காவல்."

"அவரும் போன்தான் பாக்குறாரு, டீச்சர்."

சித்திரமேனி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண்டதெல்லாம் மகனின் நிமிர்ந்த கழுத்து. மூக்குத்துளை விரிந்து அவன் காற்றை முகர்ந்ததைக் கண்டாள். ஓடைப் பக்கம் ஒரு காதும் காட்டுப் பக்கம் ஒரு காதுமாக அவை தாமாகவே திரும்பியதைக் கண்டாள். யாரும் கற்பிக்காமல் குருதியிலிருந்து வரும் கல்வி அது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அவள் வெளிக்காட்டவில்லை. படமெடுத்துக் குழுவில் காட்டினாள். "நிமிர்ந்தன தலைகள்!" என்று கீழே ஒரு வரியும் எழுதினாள்.

வாழ்த்துகள் குவிந்தன. தாமரைப்பூ வந்தது, கூப்பிய கைகள் வந்தன, வாண வேடிக்கை வந்தது. தோகையப்பர் தன் புகைப்படத்தையே வாழ்த்தாக அனுப்பினார். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாழ்த்தியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும், அதுவும் வயது வரிசையில். இளையவருக்கு முதலில் சொல்லிவிட்டால் மூத்தவர் மழைக்காலம் முழுவதும் முகம் கொடுக்க மாட்டார். சித்திரமேனி மரியாதை தெரிந்தவள். வரிசையாகத் தட்டத் தொடங்கினாள். தட்டுவதற்குத் தலை குனிய வேண்டியிருந்தது.

அப்போது புலி வந்தது.

அந்தக் காட்டில் கைபேசி வைத்திராத பெரிய மனிதர் அது ஒன்றுதான். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. நகம் பட்டுத் திரை கீறிவிடும் என்பதால் வாங்கவில்லை. ஆகவே அதற்கு மிஞ்சிய ஒரே பொழுதுபோக்கு, பார்ப்பது. பொறுமையாக, வேறு எதையும் எண்ணாமல், ஒன்றையே பார்ப்பது. எந்தப் பள்ளியிலும் படிக்காமல் அது இதைக் கற்றிருந்தது.

உச்சியப்பன் வரிகளைக் கண்டான். வாய் தானாகப் பிளந்தது. அடிவயிற்றிலிருந்து குரல் கிளம்பித் தொண்டை வரை வந்தபோது ஆணை நினைவுக்கு வந்தது: வகுப்பு நேரத்தில் கூச்சல் கூடாது. குரலை விழுங்கினான். கைபேசியை எடுத்து, "புலி. ஓடைக்கரை மூங்கில். பள்ளிப் பக்கம் வருகிறது," என்று பிழையில்லாமல் எழுதி அனுப்பினான்.

செய்தி, வாண வேடிக்கைக்கும் தாமரைப்பூவுக்கும் நடுவே விழுந்தது. தோகையப்பர் படிக்காமலே அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார். செம்பியம்மாள் தன் மரக்கிளையிலிருந்து கூப்பிய கைகளை அனுப்பினாள். எல்லாரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக்குறிகள் இரண்டும் விழுந்தன. கடமை முடிந்தது என்று உச்சியப்பன் சாய்ந்து உட்கார்ந்தான்.

கீழே மருளன் முன்காலை உயர்த்தினான்.

"டீச்சர், மூங்கில் அசையுது."

"காற்று," என்றாள் சித்திரமேனி. கிழட்டு எருமைக்கு நன்றி சொல்லி முடித்து, கரடிக்குத் தொடங்கியிருந்தாள்.

"காத்து அந்தப் பக்கம் இல்லையே."

"கேள்வி நல்ல கேள்வி. கடைசியில் கேள்."

"டீச்சர்... அம்மா. புலி."

சித்திரமேனி நெடுமூச்செறிந்தாள். கைபேசியைப் பிடுங்கிய புதிதில் பிள்ளைகளின் கண்ணுக்குள் விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், அஞ்சக் கூடாது, சில நாளில் தெளிந்துவிடும் என்று நேற்றுத்தான் குழுவில் ஒரு கட்டுரை வந்திருந்தது. "கைபேசிதான் உன்னிடம் இல்லையே, மருளா. பிறகு எங்கிருந்து வரும் புலி?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருளன் தாயைப் பார்த்தான், மூங்கிலைப் பார்த்தான். பிறகு முன்காலை ஓங்கித் தரையில் உதைத்தான். ஒருமுறை, மறுமுறை. அந்த ஓசை புல்லுக்கு அடியில் ஓடிப் பிள்ளைகளின் உள்ளங்கால்களில் ஏறியது. அதற்கு என்ன பொருள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது, கால்களுக்குத் தெரிந்திருந்தது. குஞ்சுகள் புதருக்குள் சிதறின. முயல்கள் வளைக்குள் விழுந்தன. மருளன் கடைசியாக ஒருமுறை "அம்மா!" என்று கத்திவிட்டு, அவள் நிமிராததைக் கண்டு, காற்றாய்ப் பறந்தான்.

அடுத்த பாடவேளைக்குரிய படத்தை எடுக்கும் நேரம். சித்திரமேனி கைபேசியை உயர்த்தினாள். திரையில் வகுப்பு காலியாக இருந்தது. "வரிசையில் நில்லுங்கள்," என்று அதட்டினாள். வரிசை ஒன்று திரைக்குள் வந்தது. மஞ்சளும் கருப்புமாக, வரிவரியாக.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் முட்டாள் அல்ல. விளங்க வேண்டியது முழுவதும் விளங்கியது. பிள்ளை சொன்னது மெய். பிள்ளை நிமிர்ந்து பார்த்திருக்கிறான், உதைத்திருக்கிறான், ஓடியும் இருக்கிறான். எச்சரிக்கைப் பாடத்தில் அந்த ஆண்டு தேறிய முதல் மாணவன். அவனுக்கு மதிப்பெண் போட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

புலி கைபேசியைத் தின்னவில்லை. அதற்குத் தன் உடல்நலத்தில் அக்கறை உண்டு.

புல்லில் கிடந்த கைபேசித் திரையின் மேல் எறும்புகள் ஊர்ந்தன. ஆகையால் குழுவில், "சித்திரமேனி டீச்சர் தட்டச்சு செய்கிறார்," என்று காட்டிக்கொண்டே இருந்தது. "டீச்சர் பெருசா ஏதோ எழுதுறாங்க போல, குறுக்க யாரும் போடாதீங்க," என்றாள் செம்பியம்மாள். எல்லாரும் மாலை வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் விசாரணைக் கூட்டம்.

"நான் அனுப்பிட்டேங்க," என்றான் உச்சியப்பன். "இதோ ஸ்கிரீன்ஷாட். நீலக்குறி பாருங்க, ரெண்டும் விழுந்திருக்கு. இதுக்கு மேல நான் என்ன, கத்தவா முடியும்?"

"நான் கட்டைவிரலே போட்டிருக்கிறேன்," என்றார் தோகையப்பர். "என் பங்கில் குறையில்லை."

மருளன் கூட்டத்தின் நடுவே வந்து நின்றான். கழுத்து நிமிர்ந்தே இருந்தது. "நான் பாத்தேன். சொன்னேன். காலை ஒதைச்சேன். மாமா ஒரு சத்தம் போட்டிருந்தா அம்மா நிமிர்ந்திருப்பாங்க."

ஒரு கணம், அந்தக் காட்டில் எல்லாரும் தலை நிமிர்ந்து ஒரு கன்றைப் பார்த்தார்கள். பிறகு சங்கடம் தாங்காமல் அவரவர் திரைக்குத் திரும்பினார்கள். அடங்கனார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது தீர்ப்பும் கூடவே வந்தது.

"ஆசிரியை அனுமதிக்காமல் வகுப்பைவிட்டு ஓடியது ஒழுங்கீனம். துயரத்தை முன்னிட்டு மன்னிக்கிறோம். விபத்துக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. மந்தி முறைப்படி எச்சரித்தான். அந்த எச்சரிக்கை பிள்ளைகளைச் சென்றடையவில்லை. ஏனெனில் அவர்களின் கைபேசிகள் புற்றுக்குள் இருந்தன. ஆகவே தடை நீக்கப்படுகிறது. இனி ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பு நேரம் முழுவதும் பாதுகாப்பைக் கருதிக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்."

"பிள்ளைங்க தப்பிச்சது பார்த்ததாலதானே?" என்றான் மருளன்.

"சிறுவர்கள் அவையில் குறுக்கிடுவதில்லை," என்றார் அடங்கனார்.

தோகையப்பர் தோகையை விரித்து, எல்லாரும் படமெடுக்கும்படி நின்று, பெற்றோர் சங்கத்தின் இரங்கலாக மருளனுக்கு ஒரு புதிய கைபேசியை வழங்கினார். அதன் முகப்பில் சித்திரமேனியின் படம். மருளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கைபேசி புல்லில் கிடந்து அதிர்ந்தது. மீண்டும் அதிர்ந்தது.

"பெரியவங்கல்லாம் ஒங்கம்மாவுக்கு அனுதாபம் போட்டிருக்காங்கப்பா," என்று அருகில் வந்து அவன் காதருகே கொக்கரித்தாள் செம்பியம்மாள். "ஒருத்தருக்கும் நன்றி போடாம இருந்தா என்ன நெனப்பாங்க? தாய் வளத்த லட்சணத்தைப் பாருன்னு பேச மாட்டாங்க?"

மருளன் புல்லில் கிடந்த கைபேசியை எடுத்தான். தாயின் பெயருக்கு இழுக்கு வரலாமா? கிழட்டு எருமையிலிருந்து தொடங்கினான், வயது வரிசையில். கழுத்து, பழகிய இடத்துக்கு எளிதாக வளைந்தது.

ஓடைக்கரையில் மூங்கில் அசைந்தது. காற்று அந்தப் பக்கம் இல்லை. மரத்தின் உச்சியில் உச்சியப்பன் அதைக் கண்டு, பிழையில்லாமல் தட்டத் தொடங்கினான்.

நீதி: பள்ளியில் கைபேசி கூடுமா, கூடாதா என்பதைப் பெரியவர்கள் தீர ஆராய்ந்து ஒருமனதாக முடிவு செய்யலாம், எந்த முடிவானாலும் புலிக்கு ஆட்சேபணை இல்லை.